நீ அனுப்பிய விற்றமின் போத்தல்

மகன்,

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, உன் கோல் வந்துவிட்டது. "அம்மா, அப்பாவுக்கு அந்தக் குளிசையை எப்பிடி நிப்பாட்டினீங்கள்? நிரோஷிக்கும் நிப்பாட்ட வேணுமாம், டொக்டர் சொல்லிப்போட்டார். நீங்கள் செய்த மாதிரியே நானும் செய்யப் போறன்" என்றாய். உன் மனைவி கார் விபத்தில் இடுப்பு உடைந்து கிடந்ததும், இந்த இரண்டு வருடமாக வலிக்குளிசையில் நடமாடுவதும் எனக்குத் தெரியாததல்ல. அதை விடுகிற காலம் வந்திருக்கிறதென்றால் நல்லதுதான். ஆனால் "நீங்கள் செய்த மாதிரியே" என்று நீ சொன்ன உடனே எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறிவிட்டது. "பிறகு எழுதுறன்" என்று போனை வைத்துவிட்டேன். போனில் கதைத்தால் நான் கத்துவேன், நீ லண்டனில் இருந்துகொண்டு "லைன் கிளியர் இல்லையம்மா" என்பாய். கடிதத்துக்கு அந்தச் சாட்டு செல்லாது. ஆறுதலாக இருந்து வாசி.

நான் செய்த மாதிரி என்றால் எந்த மாதிரி? நான் செய்ததில் உனக்குப் பாதிதான் தெரியும். நீ செய்தது எனக்கு முழுதாகத் தெரியும். தெரியும் என்பதைத்தான் மூன்று வருடமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். இந்த வாய் மூன்று வருடம் சும்மா இருந்தது என்றால் அதுவே பெரிய புதுமை என்று அப்பா சொல்லுவார். அவருக்கு முன்னறையில் கிரிக்கெட் ஓடுகிறது. நான் உனக்கு எழுதுகிறேன் என்பது அவருக்குத் தெரியும். எதை எழுதுகிறேன் என்பதும் தெரியும். "எழுது" என்று மட்டும் சொல்லிவிட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

அப்பா விழுந்தபோது நீ ஏ.எல். படித்துக்கொண்டிருந்தாய். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்குகிற சாமான்களை எண்ணிப் பதிகிற வேலை அவருக்கு. மழை பெய்த ஒரு நாள் இரும்பு ஏணியில் கால் வழுக்கி முதுகு அடிபட விழுந்தார். ஒப்பரேஷன் செய்து, ஆறு மாதம் படுக்கையில் கிடந்து, அதற்குப் பிறகு அந்தக் குளிசையோடு எழும்பினார். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. அந்தக் குளிசையை நான் சும்மா திட்டமாட்டேன். அதைப் போட்டுக்கொண்டுதான் அவர் திரும்ப வேலைக்குப் போனார். அதைப் போட்டுக்கொண்டுதான் நீ லண்டன் போனபோது உன் சூட்கேசை எயார்போட்டில் தூக்கிக் கொடுத்தார். ஆனால் ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகி, ஒன்பது வருடம் ஓடிவிட்டது. பழைய மருந்துத் துண்டைக் காட்டினால் பாமசியில் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். கதைத்துக்கொண்டிருக்கும்போதே தூங்குவார். கல்யாண வீட்டில் சாப்பாட்டுக் கோப்பையோடு தூங்கினார். குளிசை நேரம் பிந்தினால் கண் சிவந்து, என்மேல் எரிந்து விழுவார். கிளினிக்கில் புதிதாக வந்த டொக்டர், சிங்களப் பெண், தமிழும் கொஞ்சம் கதைப்பா, அவதான் முதலில் பிடித்தா. "இப்ப இது நோவுக்கு இல்ல மிஸிஸ். உடம்பு கேக்குது, அதுக்குத்தான் குடுக்கிறீங்க" என்றா. கொஞ்சங்கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், அடுத்த மாதம் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று திகதியும் எழுதித் தந்தா.

அடுத்த மாதம்வரை பொறுக்க என்னால் முடியவில்லை. நடுவில் விபூதிப் புதன் வந்தது. தவக்காலத்துக்கு ஒறுத்தல் செய்வது எங்கள் வீட்டில் எப்படி என்று உனக்கே தெரியும். நான் தேத்தண்ணிக்குச் சீனியை விட்டுவிடுவேன். அப்பா சாராயத்தை விடுவார். நீ சின்னனில் சொக்லட்டை விட்டுவிட்டு, பெரிய வெள்ளிக்கு முதல் நாளே திருடித் தின்று அடி வாங்கியிருக்கிறாய். அந்த வருடம் நான் யோசித்தேன், நாற்பது நாள் சாராயத்தை விடுகிற மனிசன் ஏன் குளிசையை விடக்கூடாது? ஆண்டவருக்காக விட்டால் ஆண்டவர் பார்த்துக்கொள்ளமாட்டாரா? நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு கோயில் வாசலில் நிற்கும்போதே அவரிடம் கேட்டேன். அவரும் ஓமென்றார். எனக்காக ஓமென்றாரா, சாமிக்காக ஓமென்றாரா தெரியாது. வீட்டுக்கு வந்து மிச்சம் இருந்த குளிசை எல்லாவற்றையும் உடைத்துக் கக்கூசில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை, அப்பப்பா! பக்கத்து வீட்டு ரீட்டா அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

இரண்டாம் நாள் அவருக்கு மூக்கால் ஓடியது, கொட்டாவி கொட்டாவியாக விட்டார். தடிமன் என்று இஞ்சி அவித்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் வயிற்றாலே போய், சத்தி எடுத்து, கால் இரண்டையும் கட்டிலில் போட்டு அடித்துக்கொண்டே இருந்தார். வேர்வையில் பாய் நனைந்தது. "என்னால ஏலாது, எனக்கு அரைக் குளிசையாவது தா" என்று அழுதார். மகன், உன் அப்பா தன் தாயின் செத்தவீட்டில்கூட அழாதவர். அவர் என் கையைப் பிடித்து அழ, நான் என்ன செய்தேன் தெரியுமா? கட்டில் தலைமாட்டில் இருந்து செபமாலை சொன்னேன். "இயேசு நாற்பது நாள் வனாந்தரத்தில இருந்தவர், உங்களுக்கு நாலு நாள் ஏலாதோ" என்று கேட்டேன். நாலாம் நாள் காலை அவர் எழும்பி நிற்க முயன்று விழுந்தார். ரீட்டா அக்காதான் ஓட்டோ பிடித்தா. அந்த டொக்டர் அவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. ஒன்பது வருடம் உடம்பில் ஊறின மருந்தை ஒரு நாளில் பிடுங்க யார் சொன்னது என்று கேட்டா. "சாமிக்கு நேர்ந்தனாங்கள்" என்று சொல்ல வாய் வரவில்லை. இதை உனக்கு நான் சொன்னதே இல்லை. அப்பாவுக்கு வயிற்றோட்டம், ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள் என்றுதான் சொன்னேன். ஆகவே பொய்யை முதலில் தொடங்கி வைத்தவள் நான்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு டொக்டர் சொன்னபடி தொடங்கினோம். ஒரு சின்ன அளவு குறைப்பது, உடம்பு பழகும்வரை சில கிழமை அப்படியே நிற்பது, பிறகு இன்னும் ஒரு சின்ன அளவு. ஆமை வேகம். எனக்கோ ஆமையைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும் போல இருக்கும். குளிசையை அல்மாரியில் பூட்டி, திறப்பை என் சங்கிலியில் சிலுவையோடு சேர்த்துக் கோர்த்துக்கொண்டேன். நேரத்துக்கு எடுத்துக் கொடுத்து, "வாயைத் திறவுங்கோ, நாக்கைத் தூக்குங்கோ" என்று பார்ப்பேன். அறுபது வயது மனிசன் வாயைத் திறந்து காட்டுவார். அவர் வெளியே போய் வந்தால் சட்டைப் பைக்குள் கை விடுவேன். பாமசிக்காரனிடம் போய், இவருக்குக் கொடுக்கவேண்டாம் என்று ஆட்கள் நிறைந்து நிற்கும்போதே சொன்னேன். ஒருநாள் காலை, தேத்தண்ணி ஆறிவிட்டது என்ற சின்ன விஷயத்துக்கு அவர் கோப்பையைத் தள்ளிவிட, நான் கத்தினேன்: "குடுக்காரன் மாதிரி நடக்கிறீங்கள்! நீங்களும் அந்த முகத்துவாரத்து மூலையில போய் இருங்கோ, குடு அடிக்கிறவங்களோட!"

யன்னல் திறந்து கிடந்தது. ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். குடுத் தூளின் போதையில் அழிந்த பிள்ளைகளை நாங்கள் அந்த ஒழுங்கையிலேயே பார்த்தவர்கள். அவர்களைக் கண்டால் நான் கைப்பையை மறுபக்கம் மாற்றிக்கொள்வேன். அந்தச் சொல்லை என் புருஷனுக்குச் சொன்னேன். ஆஸ்பத்திரிச் சீட்டோடு மருந்து எடுத்த மனிசனுக்கு. இரண்டு நாள் அவர் என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. மூன்றாம் நாள் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய் உன்னோடு ஒரு மணித்தியாலம் கதைத்தார். தகப்பனும் மகனும் கதைக்கிறார்கள், நல்லதுதானே என்று நான் கீழே இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு கிழமை கழித்து நீ எனக்குக் கோல் எடுத்தாய். "அம்மா, அப்பா நல்லாக் களைச்சுப் போனார். இஞ்சத்தைய விற்றமின் திறம். எங்கட ஒபிஸில வேலை செய்யிற ஒராள் கொழும்புக்கு வாறார், அவரிட்டக் குடுத்து விடுறன். நீங்களே போய் எடுத்து, நீங்களே குடுங்கோ. அப்பாவிட்ட விட்டால் மறந்துபோவார்." என் ராசா, எவ்வளவு அக்கறை! நீங்களே எடுத்து, நீங்களே கொடுங்கோ! அந்த ஆள் வெள்ளவத்தையில் தன் தமக்கையின் பிளட்டில் நின்றார். நல்ல வெயிலுக்குள் இரண்டு பஸ் மாறிப் போனேன். லிப்ட் வேலையில்லை. இந்த முழங்காலோடு நாலு மாடி ஏறினேன். அவர்கள் தந்த நெல்லி கிரஷைக் குடித்து, உன் பெருமையைக் கொஞ்சம் பேசி, போத்தலைத் துணியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். ஐம்பது வயது தாண்டிய ஆண்களுக்கு என்று இங்கிலீசில் எழுதியிருந்தது. வாயில் சீல் ஒட்டியிருந்ததும் எனக்கு ஞாபகம். அதைத் திரும்ப ஒட்ட எவ்வளவு நேரம் எடுத்தாய்?

காலையில் இரண்டு, பின்னேரம் இரண்டு. பிளேன்ரீயோடு சின்னச் சோசரில் வைத்துக் கொடுப்பேன். ஒரு கிழமையில் அப்பா ஆளே மாறிவிட்டார். கால் அடிப்பது நின்றது. சாப்பிட்டார், சிரித்தார். டொக்டர் அளவைக் குறைக்கக் குறைக்க, இவர் ஒன்றும் அறியாதவர்போல இருந்தார். நான் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினேன். மாதா சங்கத்தில் எல்லாருக்கும் சொன்னேன், "என்ர மகன் அனுப்பின விற்றமின்தான்" என்று. ரீட்டா அக்கா தன் மகளிடம் சொல்லி அதே விற்றமின் எடுப்பித்து, "என்னடி, எனக்கு ஒண்டும் செய்யுதில்லையே" என்றா. "என்ர பிள்ளை அன்போட அனுப்பினது, அதுதான்" என்று பதில் சொன்னேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. நீ கிழமைக்கு ஒருதரம் கோல் எடுத்துக் கேட்பாய்: "விற்றமின் குடுத்தீங்களா அம்மா? ஒழுங்காக் குடுங்கோ." முடிய முடிய அனுப்பினாய். மூன்று போத்தல். மூன்றுக்கும் நான்தான் வெள்ளவத்தைக்குப் போனேன்.

எப்படிக் கண்டுபிடித்தேன் தெரியுமா? ஒரு ஞாயிறு காலை எனக்கு உடம்பு அலுப்பாக இருந்தது. இந்த மனிசனுக்கு இவ்வளவு தென்பு தருகிற சாமானை நானும் இரண்டு போட்டுப் பார்த்தால் என்ன? ஆண்களுக்கு என்று எழுதியிருக்கிறது, மீசையா முளைக்கப் போகிறது? போட்டுக்கொண்டு பூசைக்குப் போனேன். சுவாமி பிரசங்கம் தொடங்க எனக்குத் தலைக்குள் மெல்லச் சுற்றியது. மூக்கு, கழுத்து எல்லாம் அரித்துக் கடித்தது. கண் சொருகியது. ஆனால், மகன், முழங்காலில் நின்றபோது முழங்கால் நோகவில்லை. எட்டு வருடமாக நோகிற முழங்கால். நோவு இல்லை, கவலை இல்லை, ஒன்றுமே இல்லை. ஐயோ, இது எவ்வளவு சுகம் என்று நினைத்தேன். அப்படி நினைத்த அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது. விற்றமினுக்கு எங்கே இந்தச் சுகம்? கோயிலுக்கு வெளியே வந்து மதிலைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தேன்.

அடுத்த நாள் ஒரு குளிசையைக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு, எங்களைத் தெரியாத ஒரு பாமசிக்குப் போய்க் காட்டினேன். அந்தப் பிள்ளை அதைத் திருப்பிப் பார்த்து, அதில் பொறித்திருந்த எழுத்தை வாசித்து, கம்பியூட்டரில் தேடிவிட்டுக் கேட்டாள், "இது கொடீன் அன்ட்டி. கடுமையான வலிமருந்து. ஆர் உங்களுக்குத் தந்தது?" மகன் தந்தது என்று எப்படிச் சொல்வேன்? "றோட்டில கிடந்தது" என்றேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு முன்னால் போத்தலை வைத்தேன். அவரே சொன்னார். "நான்தான் கேட்டனான். அவன் மாட்டன் எண்டுதான் சொன்னவன். நான் அழுதனான். உன்ர கையால தந்தால் நீ சந்தேகப்படமாட்டாய் எண்டு நான்தான் சொல்லிக் குடுத்தனான்." பிறகு சொன்னார், "அவனிட்டக் கேட்டுப் போடாத. தகப்பன் அழுதால் பிள்ளை என்ன செய்வான்?" நான் அவரைப் பார்த்து, "நான் ஆர் உங்களுக்கு?" என்று கேட்டேன். அதற்கு அவர், "நீ பொலிஸ்" என்றார்.

டொக்டரிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவ போத்தலை வாங்கி, குளிசை ஒன்றை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தா. ஒரு மருந்தைக் குறைக்கிறோம் என்று நினைத்து நாங்கள் ஆட, பின்னால் இன்னொன்று ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரு நாள் நித்திரையிலேயே மூச்சு நின்றிருக்கலாம் என்றா. பிரேதப்பெட்டிக்கு நான்தான் ஓடியிருப்பேன், நீ பிளேனில் வந்து என் தோளில் விழுந்து அழுதிருப்பாய், இரண்டு பேருக்கும் கொன்றது யார் என்று தெரிந்திருக்காது. பிறகு என் சங்கிலியில் கிடந்த திறப்பைக் கண்டுவிட்டு, சிங்களத்தில் "மிஸிஸ் பொலிஸியென்த?" என்று கேட்டா. பொலிசிலிருந்தா வந்திருக்கிறீர்கள் என்று. ஏசினாவா, பகிடி விட்டாவா தெரியாது. வீட்டிலும் அதே சொல், கிளினிக்கிலும் அதே சொல். எனக்கு அழுகை வந்துவிட்டது.

திரும்பவும் முதலிலிருந்து. பதினான்கு மாதம் எடுத்தது. நீ கேட்ட "எப்பிடி நிப்பாட்டினீங்கள்" என்பதற்குப் பதில் இதுதான், வேறு வித்தை ஒன்றுமில்லை. குளிசை ஒரு கிழமைக்கு மட்டும் வீட்டில் இருக்கும், மிச்சம் கிளினிக்கில். அந்த ஒரு கிழமைக்குரியது டொக்டரின் சொற்படி அவரது மேசையில் இருந்தது. எடுத்தால் எடுத்தேன் என்று சொல்ல வேண்டும், கூட எடுத்தாலும் சொல்ல வேண்டும், சொன்னால் நான் ஏசக்கூடாது. இதில் மூன்றாவதுதான் கஷ்டம். இரண்டு முறை அவர் கூட எடுத்துவிட்டுச் சொன்னார். நான் குசினிக்குப் போய்த் தேங்காய் துருவினேன், முழுத் தேங்காயையும் சிரட்டைவரை துருவினேன், ஆனால் ஏசவில்லை. பின்னேரம் நாலு மணிக்குக் கால் குடைச்சல் தொடங்கும். அப்போது முகத்துவாரப் பக்கம் நடப்போம். வள்ளம் இழுத்து வைத்திருக்கிற இடத்துக்குப் போய், திரும்பி வருவோம். சில நாள் வழி முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே வருவார். சில நாள் கையைப் பிடித்துக்கொண்டு வருவார். குறைத்த புதிதில் அவர் சொல்வது எதையும் மனதில் எடுக்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன், பிறகு எடுப்பேன். ஒரு தடவை குறைக்க முடியாமல் இரண்டு மாதம் ஒரே அளவில் நின்றோம். அது தோல்வியில்லை என்று டொக்டர் சொன்னா. இப்போது ஒன்றரை வருடமாக ஒன்றுமில்லை. முதுகு இன்னும் நோகிறது. நோகும். சுடுதண்ணிப் போத்தலும் நடையும் டொக்டர் சொல்லித்தந்த பயிற்சியுமாகச் சமாளிக்கிறார். கல்யாண வீட்டில் தூங்குவதில்லை.

இனி உன் கதைக்கு வருகிறேன். அப்பா கேட்டார், நீ கொடுத்தாய். அதுவரை எனக்கு விளங்குகிறது. தகப்பன் போனில் அழுவதைக் கேட்டுக்கொண்டிருக்க எந்தப் பிள்ளையாலும் ஏலாது. ஆனால் என்னைக்கொண்டு ஏன் கொடுக்க வைத்தாய்? அவருக்கே நேரே அனுப்பியிருக்கலாமே. என் கையால், என் சோசரில், என் வாயால் "இந்தாங்கோ, மகன் அனுப்பின விற்றமின்" என்று சொல்ல வைத்தாய். ஒவ்வொரு கிழமையும் கோல் எடுத்து, கொடுத்தீங்களா என்று கேட்டாய். நான் படிகளில் ஏறி இறங்கினதைச் சொன்னபோது "பாவம் அம்மா" என்றாய். அந்தப் "பாவம் அம்மா"வை என்னால் செமிக்க முடியவில்லை. புருஷன் ஏமாற்றினான் என்றால் அவனுக்கு உடம்பு கேட்டது என்று ஒரு நியாயம் சொல்லலாம். உனக்கு என்ன கேட்டது? நான்காவது போத்தல் வேண்டாம், டொக்டர் விற்றமினை நிப்பாட்டச் சொல்லிவிட்டா என்று நான் சொன்னபோது, ஏன் என்று நீ கேட்கவில்லை. "சரியம்மா" என்று வைத்துவிட்டாய். எனக்குப் பிடிபட்டுவிட்டது என்று உனக்கு அப்போதே விளங்கியிருக்கும். மூன்று வருடம் நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நத்தார்ப் பண்டிகைக்குக் கேக் அனுப்பினேன், நீ சேலை அனுப்பினாய். உன்னை மன்னித்துவிட்டேன் என்று இந்த இடத்தில் எழுதத்தான் இருந்தேன். கை போகவில்லை. பொய் எழுத விருப்பமில்லை, ஏற்கெனவே இந்தக் குடும்பத்தில் அது நிறைய இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னாய், நிரோஷியின் குளிசையைப் பூட்டி வைத்திருக்கிறேன், பூட்டின் இலக்கம் எனக்கு மட்டும்தான் தெரியும், ஒரு மாதத்தில் முடித்துவிடுவேன் என்று. அந்தக் குரல் எனக்குத் தெரியும். சாம்பல் பூசிக்கொண்டு கோயில் வாசலில் நின்ற பொம்பிளையின் குரல் அது. ஒரு மாதம் என்று டொக்டர் சொன்னாரா, நீ சொன்னாயா? போய்க் கேள். அவளையும் கூட்டிக்கொண்டு போய், அவள் வாயாலேயே கேட்கவிடு.

இன்னொன்று இருக்கிறது. இதை முதலில் எழுதியிருக்க வேண்டும், பயத்தில் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே வந்தேன். செவ்வாய்க்கிழமை காலை நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருக்க நிரோஷி எனக்குக் கோல் எடுத்தாள். முதலில் சுகம் விசாரித்தாள். பிறகு அழத் தொடங்கினாள். "மாமி, மாமாவின்ர பழைய குளிசை ஏதும் மிச்சம் இருக்குமே? அங்க பாமசியில உங்களைத் தெரியும்தானே, எடுக்கலாம்தானே? ஆரும் வருகினமெண்டால் குடுத்து விடுங்கோ மாமி. இவருக்குத் தெரியவேண்டாம். எனக்குக் கால் ஒரு இடத்தில நிக்குதில்லை மாமி."

இவ்வளவையும் பட்டவள் நான். மூன்று வருடம் உன்னை மனதுக்குள் திட்டித் தீர்த்தவள். அப்படிப்பட்ட நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எத்தினை வேணும் பிள்ளை?" என்று கேட்டேன். கேட்டேன், மகன். வாய் கேட்டுவிட்டது. ரீட்டா அக்காவின் மருமகன் பதினாலாம் திகதி லண்டன் போகிறான் என்பதுகூட மனதில் ஓடிவிட்டது. அதற்குப் பிறகுதான் கையில் இருந்த ஈரச் சீலை நிலத்தில் விழுந்தது எனக்குத் தெரிந்தது. அப்போது உன்னை நினைத்தேன். அப்பா அழ அழ நீ போனோடு நின்றிருக்கக்கூடிய மாதிரியை நினைத்தேன்.

தரமாட்டேன் என்று அவளுக்குச் சொன்னேன். உனக்குச் சொல்லத்தான் போகிறேன் என்றும் சொன்னேன். "நீங்களும் இப்பிடியா மாமி" என்றுவிட்டுப் போனை வைத்துவிட்டாள். பிறகு நான் எடுத்தாலும் எடுக்கிறாள் இல்லை. என்னை நம்பிக் கேட்டவளை நான் காட்டிக்கொடுத்துவிட்டேன். அவள் என்னை மன்னிக்க வேண்டாம், பரவாயில்லை.

இந்தக் கடிதம் வாசித்து முடிந்ததும் நீ எழும்பி அவளிடம் போவாய், எனக்கு உன்னைத் தெரியும். கத்தாதே. கெஞ்சிக் கேட்கிறேன், நான் அப்பாவுக்குச் சொன்ன அந்த ஒரு சொல்லை அவளுக்குச் சொல்லிவிடாதே, அதற்குக் கிட்டப் போகிற எந்தச் சொல்லையும் சொல்லாதே. பக்கத்தில் இரு. அவள் கோல் எடுத்ததை அம்மா சொன்னா என்று சொல். அவளது காலைப் பிடித்துவிடு. நான் கத்தினபடியால்தான் அப்பா உனக்குப் போன் எடுத்தார். நீ பூட்டி வைத்தபடியால் அவள் எனக்கு எடுத்தாள். இனி நீயும் கத்தினால் அவள் அடுத்ததாக யாருக்கு எடுப்பாள் என்று எனக்குத் தெரியாது, அந்த ஆள் இல்லை என்று சொல்வாரா என்றும் தெரியாது.

அம்மா